கிரிப் அறிக்கை வழக்கில் இணக்கத்துக்கு வரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு புதுக்கடையில் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் ஆவணங்கள் தயாரிக்கும் பணியில் இருக்கிறேன். கடன் அறிக்கை தொடர்பாக வங்கி மீதோ லீசிங் கம்பனி மீதோ வழக்குப் போட்டவர்கள், எதிர்த்தரப்பு “பேசித் தீர்ப்போம்” என்று சொன்ன மறுநாளே கலக்கத்துடன் வந்து நிற்பார்கள். வெள்ளவத்தையிலிருந்து வருபவரும் கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவரும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள் என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் கோப்பைப் படித்த சட்டத்தரணி வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொகையைப் பற்றி மணிக்கணக்கில் பேரம் பேசுபவர்கள், அறிக்கையை யார், எப்போது, எந்தச் சொற்களில் திருத்துவார்கள் என்பதைக் கேட்காமலே கையெழுத்திட்டு விடுகிறார்கள். கீழே உள்ள பதில்கள் பலவும் அந்த இடத்துக்கே திரும்பி வரும்.

கிரிப்பில் என் பெயர் விழுந்துவிட்டது என்று வங்கியில் சொல்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

கிரிப் என்று நாம் சொல்வது இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இந்த நிறுவனம், வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் அனுப்பும் கடன் விவரங்களைத் திரட்டி, கடன் கொடுக்கும் நிறுவனங்கள் கேட்கும்போது அறிக்கையாகத் தருகிறது.

“பெயர் விழுந்துவிட்டது” என்று சொல்வதால் அது ஏதோ குற்றவாளிப் பட்டியல் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஒரு நாளும் தவணை தவறாமல் கட்டியவரின் விவரமும் அங்கே இருக்கும். கடன் தருவதா மறுப்பதா என்ற முடிவையும் பணியகம் எடுப்பதில்லை; அறிக்கையைப் படிக்கும் வங்கிதான் எடுக்கிறது. ஆகவே பிரச்சினை பெயர் இருப்பதில் இல்லை, பெயருக்கு எதிரே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

என் அறிக்கையை நானே எடுக்கலாமா, வங்கி மூலமாகத்தான் எடுக்க வேண்டுமா?

நீங்களே எடுக்கலாம், கட்டாயம் எடுக்கவும் வேண்டும். வங்கி அலுவலர் கணினித் திரையைப் பார்த்து வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு எந்தப் பேச்சுவார்த்தைக்கும் போக முடியாது.

கையில் கிடைத்ததும் நிலுவைத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். நீங்கள் பிணையாளியாகக் காட்டப்பட்டுள்ள கடன்கள் எவை, எந்தெந்த நிறுவனங்கள் உங்கள் அறிக்கையைக் கேட்டிருக்கின்றன என்ற இரண்டு பகுதிகளையும் வரி வரியாகப் படியுங்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் சரிபாருங்கள். 2016க்கு முன் அட்டை பெற்றவர்களுக்கு ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய இலக்கம் இருந்தது. புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள். பழைய கடன் பழைய இலக்கத்திலும் புதிய கடன் புதிய இலக்கத்திலும் பதியப்பட்டிருந்தால், இரண்டையும் கொடுத்துக் கேட்டால்தான் முழுப் படமும் தெரியும். நம் பெயர்களின் நிலையும் அதுவே: தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒரு புத்தகத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும், “சிவகுமார்” ஒரு படிவத்தில் ஒரு விதமாகவும் அடுத்ததில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொள்வது இந்த முரண்பாடுகளைத்தான்.

பிழை வேறு, துஷ்பிரயோகம் வேறா? என்னுடையது எதில் சேரும்?

கட்டி முடித்த கடனைக் கட்டாததாகக் காட்டுவது பிழை. அதைச் சுட்டிக்காட்டி எழுதிக் கொடுத்த பிறகும் திருத்தாமல் வைத்திருப்பது பிழையைத் தாண்டிய அலட்சியம். நீங்கள் கடன் கேட்காதபோது உங்கள் அறிக்கையை எடுப்பது, எடுத்த அறிக்கையை வேலை தருபவரிடமோ சம்பந்தம் பேச வந்தவர்களிடமோ காட்டுவது, வேறு தேவைக்குக் கொடுத்த அடையாள அட்டைப் பிரதியை வைத்து உங்களைப் பிணையாளியாக்குவது ஆகியவை துஷ்பிரயோகம்.

இந்த வேறுபாடு பேரத்தில் நேரடியாக வந்து நிற்கும். நம் நாட்டில் இத்தகைய நட்டஈட்டு வழக்குகள் உரோம-டச்சுச் சட்டத்தின் வழியில் நடக்கின்றன. பணநட்டத்துக்கு ஈடு கேட்பவர் எதிர்த்தரப்பின் கவனயீனத்தைக் காட்டினால் போதும். மானத்துக்கும் மனத்துக்கும் ஏற்பட்ட புண்ணுக்கு ஈடு கேட்பவர் அதற்கு மேலே போய், புண்படுத்தும் எண்ணம் இருந்தது என்றும் நிறுவ வேண்டும். “நல்லெண்ணத்துடன் செய்தோம், கணினியில் தவறிவிட்டது” என்பதே எதிர்த்தரப்பின் முதல் பதிலாக இருக்கும். அந்தப் பதிலை உடைக்கும் கடிதம் உங்களிடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் பேரம் பேசும் வலு கூடும் அல்லது குறையும்.

வழக்குப் போடாமலே திருத்த முடியாதா?

பல வேளைகளில் முடியும். முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத வேண்டும், பணியகத்திடமும் முறையிடலாம். ஆனால் பணியகம் தானாக எதையும் மாற்றுவதில்லை, முறைப்பாட்டை விவரம் அனுப்பிய நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பி விளக்கம் கேட்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நிறுவனம் அசையாவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம் அல்லது எழுதலாம். 2003இல் தொடங்கிய நிதியியல் ஒம்புட்ஸ்மன் அலுவலகமும் கட்டணமின்றி முறைப்பாடுகளை விசாரிக்கிறது. விடயம் நீதிமன்றத்துக்குப் போன பிறகு அந்தக் கதவு மூடிவிடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அதன் முக்கியப் பாகங்கள் நடைமுறைக்கு வரும் திகதி தள்ளிப்போடப்பட்டு, சட்டமும் 2025இல் திருத்தப்பட்டது. உங்கள் விடயத்துக்கு அது பொருந்துமா என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதை மட்டும் நம்பி ஒரு பேரத்தைக் கட்டாதீர்கள்.

பணம் கொடுத்தால் கிரிப்பிலிருந்து பெயரையே எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

நம்ப வேண்டாம். உண்மையான கடன் விவரத்தை இடைத்தரகர் எவராலும் நீக்க முடியாது. பிழையான விவரத்தைத் திருத்த நீங்களே முறையிடலாம். அவரிடம் அடையாள அட்டைப் பிரதியையும் கையெழுத்தையும் கொடுத்தால் புதிய துஷ்பிரயோகத்துக்கு நீங்களே வழி திறந்தவராவீர்கள்.

இணக்கத்துக்கு வந்தால் நாங்கள் தோற்றதாக ஆகிவிடாதா?

ஆகாது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவு, தரப்பினர் சட்டபூர்வமாக இணங்கிக்கொண்டதை நீதிமன்றத்துக்கு அறிவித்து, அதன்படியே நீதிமன்றக் கட்டளை பெற வழி செய்கிறது. வழக்கு விசாரணை தொடங்குவதற்கு முன்பே நீதிபதி இணக்கத்துக்கு முயல்வதற்கான ஏற்பாட்டை 2017இன் திருத்தம் கொண்டுவந்தது. ஆகவே நீதிபதி “பேசிப் பாருங்கள்” என்று சொன்னால் உங்கள் வழக்கு பலவீனமானது என்று அர்த்தமில்லை. எல்லா வழக்குகளிலும் கேட்கப்படும் கேள்விதான் அது.

“அவர்களை நீதிபதி முன்னால் நிறுத்தி, செய்தது பிழை என்று சொல்ல வைக்க வேண்டும்” என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். அவருக்கு அதுதான் முதன்மையான தேவை என்றால் அவர் இணங்கக் கூடாது, ஏனென்றால் இணக்கத்தில் அது கிடைப்பது அரிது. அறிக்கை திருந்தி மகளின் வீட்டுக் கடன் கிடைப்பதுதான் தேவை என்றால், இணக்கம் வழக்கைவிட வேகமாக அதைத் தரக்கூடும். எதற்காக வழக்குப் போட்டோம் என்பதை வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

அக்கா, எவ்வளவு கேட்கலாம்?

பணநட்டத்தையும் மன உளைச்சலையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். பணநட்டத்துக்குக் கணக்குக் காட்ட முடியும். வங்கியில் கிடைத்திருக்க வேண்டிய 10 இலட்சம் ரூபாய் மறுக்கப்பட்டதால், வருடத்துக்கு 6 சதவீதம் கூடுதல் வட்டிக்கு வேறிடத்தில் எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் தொகை குறையாத கடனாக இருந்தால் வருடத்துக்கு 60,000 ரூபாய் கூடுதல் செலவு. இரண்டு வருடத்தில் 120,000. வீடு வாங்கக் கொடுத்த முற்பணம் கைவிட்டுப் போயிருந்தால் அதையும் சேருங்கள். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காகிதம் வேண்டும்.

சிக்கல் அங்கேதான் வருகிறது. வங்கிகள் பெரும்பாலும் வாயால்தான் மறுக்கின்றன: “கிரிப் சரியில்லை, பிறகு பார்ப்போம்” என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்த நேரத்திலேயே எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், அன்றைக்கே அந்தக் கிளைக்கு “இன்ன திகதியில் வந்தேன், இன்ன காரணம் சொன்னீர்கள்” என்று பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

மன உளைச்சலுக்கு இத்தனை ரூபாய் என்ற வாய்பாடு கிடையாது. கோரிக்கைக் கடிதத்தில் பெரிய எண் போடப்பட்டிருப்பதைப் பார்த்து அதுவே கிடைக்கும் என்று எண்ணிக்கொள்பவர்கள், பிறகு நியாயமான தொகையையும் அவமானமாகக் கருதி மறுத்துவிடுகிறார்கள்.

அவர்கள் சொல்லும் தொகை நியாயம்தானா என்று எப்படித் தெரியும்?

மேலே சொன்ன கணக்கில் காகிதத்தால் நிறுவக்கூடிய பகுதியை முதலில் வையுங்கள். அதிலிருந்து, வழக்கை முடிவு வரை நடத்தினால் இன்னும் ஆகும் செலவைக் கழியுங்கள். வென்றவருக்கு வழக்குச் செலவு கிடைக்கும் என்று நம்பியிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, நீதிமன்றம் விதிக்கும் செலவு அட்டவணைப்படி கணிக்கப்படுவது. சட்டத்தரணிக்கு நீங்கள் உண்மையில் கொடுத்ததைவிட அது மிகக் குறைவாகவே இருக்கும். ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் கடையைப் பூட்டிவிட்டு வருவதற்கும் ஒரு விலை உண்டு. தீர்ப்பு கிடைத்த பின் மேன்முறையீடு வரலாம்.

அடுத்து, பிழையான அறிக்கையை வேறு யாராவது உண்மையில் பார்த்தார்களா என்று கேளுங்கள். பணியகத்தின் கணினியில் பிழை கிடந்து, ஒருவரும் அதைக் கேட்டு எடுக்கவில்லை என்றால் உங்கள் நட்டத்தை நிறுவுவது கடினம். இரண்டாம் கேள்வியில் சொன்ன, அறிக்கையைக் கேட்ட நிறுவனங்களின் பகுதி இங்கேதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

பணம் தர ஒத்துக்கொண்டார்கள். அறிக்கையையும் திருத்தித்தானே ஆக வேண்டும்?

ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பணத்துக்கு இணங்கியவர் பணத்துக்குத்தான் உரிமை பெறுகிறார். காசோலையை வாங்கிக்கொண்டு வழக்கை முடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறொரு வங்கிக்குப் போய் அதே மறுப்பைக் கேட்டுத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வழக்கு முடிந்துவிட்டதால் அதே விடயத்துக்காக மறுபடியும் நீதிமன்றம் போக முடியாது.

“அறிக்கையைத் திருத்த நடவடிக்கை எடுக்கப்படும்” என்ற வாக்கியமும் போதாது. எடுப்பவர் யார், எதற்குள் எடுப்பார் என்பது அதில் இல்லை. பணியகம் வழக்கில் தரப்பாக இல்லையென்றால் உங்கள் இணக்கம் அதைக் கட்டுப்படுத்தாது. விவரத்தை அனுப்பிய நிறுவனமே திருத்தத்தையும் அனுப்ப வேண்டும் என்று நான்காம் பதிலில் பார்த்தோம். ஆகவே வாசகம் ஏறக்குறைய இப்படி அமைய வேண்டும்: “எதிராளி, இக்கட்டளையின் திகதியிலிருந்து 21 நாட்களுக்குள், வழக்காளியின் பழைய, புதிய இரு அடையாள அட்டை இலக்கங்களின் கீழும் உள்ள இன்ன இலக்கக் கடன் பதிவு முழுமையாகச் செலுத்தப்பட்டது எனத் திருத்தி இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்துக்கு அறிவித்து, திருத்தம் பதியப்பட்டதைக் காட்டும் ஆதாரத்தை வழக்காளிக்கு ஒப்படைத்தல் வேண்டும்.” நாட்களின் எண்ணிக்கையைப் பேசித் தீர்மானிக்கலாம், ஆனால் ஓர் எண்ணிக்கை இருந்தே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். திருத்தம் பதியப்படும் வரையிலான இடைக்காலத்தில் மற்ற வங்கிகளுக்குக் காட்டுவதற்கு, நிறுவனத்தின் கடிதத்தாளில், அலுவலர் பதவிப் பெயருடன், “இந்தப் பதிவு எங்கள் தவறால் ஏற்பட்டது” என்றோ குறைந்தபட்சம் “இந்தப் பதிவு சரியானதன்று” என்றோ ஒரு கடிதம். பணத்தில் 25,000 ரூபாய் விட்டுக்கொடுத்தாலும் இந்தக் கடிதத்தை விட்டுக்கொடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. கடனை நம்பி வியாபாரம் செய்பவருக்கு அடுத்த பருவத்துச் சரக்கையே எடுத்துத் தரக்கூடியது அது.

பேச்சுவார்த்தை நடக்கும்போது வழக்குப் போடாமல் காத்திருக்கலாமா?

ஆபத்தானது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, நட்டம், ஊறு, சேதம் ஆகியவற்றுக்கான வழக்குகளை வழக்கு மூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடங்களுக்குள் தொடுக்கச் சொல்கிறது. எழுத்து ஒப்பந்தத்தை மீறியதற்கான வழக்குக்கு ஆறு வருடம் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதில் வாதத்துக்கு இடமிருப்பதால், இரண்டு வருடத்தையே எல்லையாகக் கொள்வதுதான் பாதுகாப்பு.

“மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம், அடுத்த மாதம் வாருங்கள்” என்ற இனிமையான பேச்சு அந்தக் காலத்தை நிறுத்தி வைக்காது. சிறிய தொகைப் பிணக்குகளுக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் பெற வேண்டியிருக்கும். அதற்கான நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

எல்லாக் காகிதமும் ஆங்கிலத்தில் இருக்கிறது. நீதிமன்றத்தில் பேசுவது சிங்களத்தில். எனக்குத் தமிழ் மட்டும்தான். எப்படிக் கையெழுத்து வைப்பது?

விளங்காமல் வைக்காதீர்கள். கொழும்பு நீதிமன்றங்களில் தமிழில் நடவடிக்கை இல்லாவிட்டாலும், நீதிமன்றத்தின் மொழி அறியாத தரப்பினருக்குச் சிங்களத்துக்கோ தமிழுக்கோ மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும் அரசின் செலவில் கிடைக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. திறந்த நீதிமன்றத்தில் இணக்க வாசகம் பதியப்படும்போது “தமிழில் வாசித்துக் காட்டுங்கள்” என்று கேட்பது உங்கள் உரிமை; நீதிபதிக்குத் தொந்தரவு கொடுப்பதாக எண்ணிக் கூச்சப்பட வேண்டாம்.

வெளியே நடக்கும் பேச்சுவார்த்தைக்கு அந்த உரிமை நீளாது. அங்கே உங்கள் சட்டத்தரணியோ நீங்கள் நம்பும் ஒருவரோ ஒவ்வொரு பந்தியையும் தமிழில் சொல்ல, நீங்கள் ஓரத்தில் தமிழில் குறித்துக்கொண்டு, பிறகு அவரிடமே திருப்பிச் சொல்லிப் பாருங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள், வருமான எல்லைக்கு உட்பட்டிருந்தால், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

“பொறுப்பை ஏற்றுக்கொள்ளாமல்” என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். கோபமாக வருகிறது.

ஏறக்குறைய எல்லா இணக்கப் பத்திரங்களிலும் வரும் வரி அது. அறிக்கையைத் திருத்தும் வாசகம் சரியாக இருந்தால் அந்த வரியால் உங்களுக்கு நட்டமில்லை.

நட்டஈட்டுக்குப் பதிலாக, என் மிச்சக் கடனைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்கிறார்கள். நல்லதுதானே?

கேட்பதற்கு இனிமையாக இருக்கும். மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டிய முன்மொழிவு இதுதான். கடன் தகவல் உலகில் தள்ளுபடி என்றால் அறவிட முடியாமல் கைவிடப்பட்ட கடன் என்று பொருள். உங்கள் மூன்று இலட்சத்தை நிறுவனம் தள்ளுபடி செய்து, அதை அப்படியே பணியகத்துக்கும் அறிவித்தால், அடுத்த வங்கி உங்களைக் கடனைக் கட்டாமல் விட்டவராகப் பார்க்கும். எந்தக் கறையைத் துடைக்க வழக்குப் போட்டீர்களோ அதைவிட ஆழமான கறையை நீங்களே கையெழுத்திட்டு வாங்கியதாகிவிடும்.

ஏற்க விரும்பினால் வடிவத்தை மாற்றச் சொல்லுங்கள். நிறுவனம் உங்களுக்கு மூன்று இலட்சம் நட்டஈடு தர வேண்டும் என்றும், அந்தத் தொகை உங்கள் கணக்கில் செலுத்துகையாக வரவு வைக்கப்பட்டுக் கடன் முழுமையாகத் தீர்க்கப்பட்டது என்றும் எழுதப்பட வேண்டும். நிறுவனத்துக்குச் செலவு ஒன்றுதான், ஆனால் அறிக்கையில் வரும் சொல் வேறு. அதே வேளையில், “மிச்சக் கடன்” என்று அவர்கள் சொல்லும் தொகையே சரியானதா என்று கணக்குக் கூற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வழக்கின் காரணமே அவர்கள் தவறாகக் காட்டிய நிலுவை என்றால், இல்லாத கடனைத் தள்ளுபடி செய்வது ஈடே ஆகாது.

நான் கடனே எடுக்கவில்லை. மச்சானின் முச்சக்கரவண்டி லீசிங்குக்கு என்னைப் பிணையாளியாகப் போட்டிருக்கிறார்கள், கையெழுத்து என்னுடையதில்லை. இப்போது மச்சானோடு கம்பனி பேசி முடித்துவிட்டதாம். எனக்கும் சேர்த்துத்தானா?

இல்லை. மச்சானுக்கும் கம்பனிக்கும் இடையிலான இணக்கம் அவருடைய கடனை முடித்து வைக்கும். நீங்கள் பிணை நின்றீர்கள் என்ற பொய்யான பதிவை அது அகற்றாது. கடன் தீர்ந்த பிறகும் “பிணையாளி” என்ற வரியும், இடையில் விழுந்த நிலுவை மாதங்களும் உங்கள் அறிக்கையில் தொடர்ந்து தெரியலாம். உங்கள் கோரிக்கை “தீர்ந்ததாகக் காட்டு” என்பதல்ல, “நான் இதில் தரப்பே அல்லன், முழுவதும் அகற்று” என்பது. இரண்டையும் குழப்பிய வாசகத்துக்கு இணங்கினால், கையெழுத்து உங்களுடையதுதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

குடும்பத்துக்குள் வரும் அழுத்தமும் எனக்குத் தெரியும். “அவருடைய பிரச்சினை முடிந்ததே, நீ ஏன் இன்னும் இழுக்கிறாய்?” என்று மாமி கேட்பார். போலிக் கையெழுத்தைப் போட்டது யார் என்ற கேள்வி எழும் என்று எல்லோரும் பயப்படுவார்கள். அதைப் பற்றிய பொலிஸ் முறைப்பாட்டைச் செய்வதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அந்த முடிவை எடுப்பதற்கு முன் எந்த இணக்கத்திலும் கையெழுத்திடாதீர்கள்.

என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவனுக்கும் இதே மாதிரிப் பிரச்சினை, வழக்கும் போட்டிருக்கிறான். இந்தப் பதில்கள் அவனுக்கும் பொருந்துமா?

சட்டம் வேறு, யோசனை பெரும்பாலும் ஒன்றுதான். அங்கே 1970இல் இயற்றப்பட்ட நியாயமான கடன் அறிக்கையிடல் சட்டம் இருக்கிறது. வேண்டுமென்றே மீறியது நிறுவப்பட்டால், உண்மையான நட்டத்தைக் காட்ட முடியாவிட்டாலும் ஒருவருக்கு 100 முதல் 1,000 டொலர் வரை ஈடும், அதற்கு மேல் தண்டனை ஈடும், சட்டத்தரணிச் செலவும் கிடைக்கலாம். கவனயீனம் மட்டும் என்றால் உண்மையான நட்டமும் சட்டத்தரணிச் செலவும்தான். வழக்குப் போடும் காலம், மீறலைக் கண்டறிந்ததிலிருந்து இரண்டு வருடம் அல்லது மீறல் நடந்ததிலிருந்து ஐந்து வருடம், இவற்றில் எது முந்தியதோ அது. எதிர்த்தரப்பே சட்டத்தரணிச் செலவைத் தர வேண்டி வரலாம் என்பதால், அங்கே இணக்கப் பேச்சில் நுகர்வோரின் கை இங்கேயுள்ளதைவிட வலுவானது.

ஆனாலும் எல்லை உண்டு. டிரான்ஸ்யூனியன் என்ற கடன் அறிக்கை நிறுவனத்துக்கு எதிராக ராமிரெஸ் என்பவர் நடத்திய வழக்கில், பயங்கரவாதிகள் முதலானோரின் பட்டியலிலுள்ள பெயரோடு தங்கள் பெயர் ஒத்திருக்கிறது என்று தவறாகக் குறிக்கப்பட்ட 8,185 பேர் இருந்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021இல், யாருடைய அறிக்கை வெளியாருக்கு அனுப்பப்பட்டதோ அந்த 1,853 பேருக்குத்தான் அந்தத் தவறான குறிப்புக்காக ஈடு கேட்கும் தகுதி உண்டு என்றது. மேலே நான் சொன்ன “யார் பார்த்தார்கள்” என்ற கேள்வி அங்கேயும் வழக்கின் உயிராக இருப்பதைக் காணலாம்.

மகனுடையது தனி வழக்கா, பலருக்காகச் சேர்த்து நடத்தப்படும் வழக்கா என்றும் கேளுங்கள். 2017இல் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் அறிக்கை நிறுவனத்திலிருந்து சுமார் 14 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. 2019இன் இணக்கத்தில் ஒருவருக்கு 125 டொலர் வரை என்று சொல்லப்பட்டது. அந்தப் பகுதிக்கு ஒதுக்கப்பட்டது 3 கோடியே 10 இலட்சம் டொலர் மட்டும் என்பதால், கேட்டவர்கள் பெருகப் பெருகப் பங்கு சுருங்கியது. கூட்டு இணக்கத்திலிருந்து குறித்த நாளுக்குள் விலகாதவர், அதே விடயத்துக்காகத் தனியாக வழக்குப் போடும் உரிமையை இழக்கக்கூடும். மகனுக்குப் பெரிய தனி நட்டம் இருந்தால், விலகும் கடைசித் திகதியை அவன் முதலில் பார்க்கட்டும்.

இங்கேயும் அப்படிச் சேர்ந்து வழக்குப் போட முடியாதா?

பொதுவான நலன் உள்ள பலருக்காகச் சிலர் நீதிமன்றத்தின் அனுமதியுடன் வழக்குத் தொடுக்க, நமது சட்டக்கோவையின் 16ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஒவ்வொருவரின் கடனும் காகிதமும் வேறு வேறாக இருக்கும் இந்த வகை விடயத்துக்கு அது எளிதில் பொருந்தாது.

கையெழுத்து வைத்த பிறகு மனம் மாறினால் என்ன செய்யலாம்?

ஏறக்குறைய ஒன்றும் செய்ய முடியாது. 408ஆம் பிரிவின் கீழ் பதியப்பட்ட இணக்கக் கட்டளை முடிவானது. மோசடி போன்ற கடுமையான காரணத்தைக் காட்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில், கட்டளைக்கு முன்பிருந்த நிலைக்கு வழக்கை மீட்குமாறு கேட்கலாம். “யோசித்துப் பார்த்தேன், தொகை குறைவு” என்பது அத்தகைய காரணமாகாது. உங்கள் பெயரில் சட்டத்தரணி இணங்கினாலும் அது உங்களையே கட்டும் என்பதால், நீங்கள் வராத தவணையில் எதுவரை இணங்கலாம் என்பதை அவருக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து வையுங்கள்.

சொன்னபடி திருத்தாவிட்டால்?

இணக்கம் நீதிமன்றக் கட்டளையாகப் பதியப்பட்டிருந்தால், அதே வழக்கில் அதை நிறைவேற்றித் தருமாறு விண்ணப்பிக்கலாம். வெறும் தனிப்பட்ட ஒப்பந்தமாக எழுதிக்கொண்டு வழக்கை வாபஸ் வாங்கியிருந்தால், ஒப்பந்தத்தை மீறியதாகப் புதிய வழக்குத்தான் போட வேண்டும். எதிர்த்தரப்பு இரண்டாவது வழியையே விரும்பும், “வீணாக நீதிமன்றப் பதிவு எதற்கு?” என்று கேட்கும். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பணத்தை முழுவதும் முதல் நாளே தந்துவிட்டால் திருத்தத்துக்கு அவசரம் இருக்காது என்று எண்ணிச் சிலர், திருத்தம் தாமதித்தால் நாளொன்றுக்கு இவ்வளவு என்ற நிபந்தனையைச் சேர்க்கிறார்கள். நியாயமான சிறு தொகையாக இருந்தால் எதிர்த்தரப்பு அதற்கு இணங்குவதைப் பார்த்திருக்கிறேன். குறித்த நாள் முடிந்ததும் உங்கள் அறிக்கையை மறுபடியும் நீங்களே எடுத்துப் பாருங்கள். அவர்கள் அனுப்பிய கடிதத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

இணக்க விவரத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று நிபந்தனை போடுகிறார்கள். பிறகு அடுத்த வங்கி கேட்டால் நான் என்ன சொல்வது?

இந்தக் கேள்வியைக் கையெழுத்துக்கு முன்பே கேட்பவர்கள் மிகச் சிலர். இரகசிய நிபந்தனையை ஏற்றுக்கொண்ட பிறகு, பழைய பதிவைப் பற்றி விளக்கம் கேட்கும் வங்கியிடம் கட்டளையின் பிரதியைக் காட்டினால் நீங்களே ஒப்பந்தத்தை மீறியவராவீர்கள். காட்டாவிட்டால் கடன் கிடைக்காது. நிறுவனம் உண்மையில் மறைக்க விரும்புவது பெரும்பாலும் தொகையைத்தான். ஆகவே தொகையை மட்டும் இரகசியமாக வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டு, கடன் பதிவு பிழையானது என்பதையும் அது திருத்தப்பட்டது என்பதையும் கடன் வழங்கும் எந்த நிறுவனத்துக்கும், மத்திய வங்கிக்கும், பணியகத்துக்கும், பொலிஸாருக்கும், உங்கள் சட்டத்தரணிக்கும், வாழ்க்கைத்துணைக்கும் வெளியிடலாம் என்று விதிவிலக்கு எழுதி வாங்குங்கள். தொகையைத் தனித் தாளில் எழுதி, திருத்தம் பற்றிய பகுதியை மட்டும் நீதிமன்றக் கட்டளையில் பதிவு செய்தால், அத்தாட்சிப்படுத்திய பிரதியைத் தயக்கமின்றி எந்த வங்கியின் மேசையிலும் வைக்கலாம். ஆனால் தனித் தாளிலுள்ள தொகையைக் கட்டளையாக நிறைவேற்ற முடியாது என்பதால், காசோலை பணமாகி உங்கள் கணக்கில் விழுந்த பிறகே கட்டளையைப் பதியச் சம்மதியுங்கள்.